ஓட்டையை அடைப்பதற்கு முதல் உள்ளே யார் என்று பாருங்கள்

போன கிழமை, கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கும் என் தோழி ஒருத்தி இரவு பத்து மணிக்குப் போன் எடுத்தாள். டெக்குக்கு, அதாவது வீட்டுப் பின்பக்கத்து மரப்பலகை மேடைக்குக், கீழே ஏதோ குடியிருக்கிறதாம், பின்வளவு மூலையில் ஒரு ஓட்டையாம், சனிக்கிழமை கணவர் சீமெந்து குழைத்து ஊற்றி அடைக்கப் போகிறாராம், சரிதானே என்று கேட்டாள். வேண்டாம், இன்னும் அடைக்காதே, முதலில் நான் சொல்வதைக் கேள் என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் பேசினேன். வைத்த பிறகுதான் இதை எழுதிவிடுவோம் என்று நினைத்தேன். வருடத்தில் இரண்டு மூன்று பேராவது இதே கேள்வியோடு எனக்குப் போன் எடுக்கிறார்கள், எங்கள் வீட்டில் நடந்தது சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும் என்பதால்.

எங்கள் வீடு ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குக் கிட்ட இருக்கிறது. ரொறன்ரோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், இந்த நகரத்துக்குள்ளே மரம் அடர்ந்த பள்ளத்தாக்குகள் பல ஓடுகின்றன. ரோட்டும் கடையும் வீடும் மேலே, ஆறும் காடும் கீழே. மிருகங்களுக்கு அதுதான் பெருந்தெரு. கண்ணைச் சுற்றி முகமூடி மாதிரிக் கறுப்புள்ள ரக்கூன், நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க், வளை தோண்டும் பெரிய அணில் இனமான கிரவுண்ட்ஹாக், குட்டியைப் பையில் வளர்க்கும் ஒப்பொசம், நரி எல்லாம் அந்த வழியால் வந்து பின்வளவுகளுக்குள் ஏறுகின்றன. ஏறி வந்ததும் அவை தேடுவது இருட்டான, காய்ந்த, மேலே கூரை உள்ள ஒரு இடம். எங்கள் டெக்குக்குக் கீழே அது அப்படியே இருந்தது. பதினாறு அடி நீளம், பத்து அடி அகலம், நிலத்தில் இருந்து பதினாறு அங்குல உயரம், சுற்றிவர முந்தைய சொந்தக்காரர் அடித்துவிட்டுப் போன மரத்தட்டி. அந்தத் தட்டி மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றதே தவிர மண்ணுக்குள் போகவில்லை.

2019இல் வீடு வாங்கினோம். அடுத்த மாசி, பங்குனி இரவுகளில் எங்கிருந்தோ அந்த மணம் வரும். ஸ்கங்க் மணத்தைத் தெரியாதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? ரப்பர் எரிந்த மணமும் அழுகின உள்ளி மணமும் கலந்தது போல, தொண்டைக்குள் போய் நிற்கும். அது அவை சோடி தேடித் திரியும் காலம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சித்திரையில் புல்லுத்தரை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், யாரோ விரலால் குத்தினது மாதிரி. அதையும் அணில் என்று விட்டுவிட்டோம். ஜூன் முதல் கிழமைதான் இவர் பின்னேரம் டெக்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது காலுக்குக் கீழே இருந்து அது வெளியே வந்ததைப் பார்த்தார். பூனை அளவு, கறுப்பு உடம்பு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு, பஞ்சு மாதிரி வால். அவசரமே இல்லாமல் வேலியோரமாக நடந்து போனது.

அடுத்த நாள் நாங்கள் செய்ததுதான் பிழை. அது பின்னேரம் வெளியே போகிறது என்று கண்டுபிடித்துவிட்டோம், போனவுடன் ஓட்டையை அடைத்தால் திரும்பி வந்து வேறு இடம் பார்க்கும் என்று எங்களுக்குள் பேசி முடிவெடுத்தோம். கராஜில் கிடந்த நடைபாதைக் கற்களைக் கொண்டுவந்து அடுக்கினோம், இடைவெளிக்குள் சின்னக் கல்லை இறுக்கினோம். அப்பா மட்டும் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றவர் வெளியே வந்து, "பிள்ளை, பொட்டை அடைக்கிறதுக்கு முதல் அது எதின்ர பொட்டு, உள்ளுக்கு இன்னும் ஏதும் கிடக்கோ எண்டு பாத்தனீங்களே?" என்று கேட்டார். பொட்டு என்றால் ஓட்டை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வேலியில் பொட்டு விழுந்தால் அப்பா முதலில் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்ப்பார். நாய் மயிர் ஒட்டியிருக்கிறதா, கோழி இறகு கிடக்கிறதா, கீரியா, மரநாயா என்று பார்த்துவிட்டுத்தான் கருக்குமட்டை எடுக்கப் போவார். அன்றைக்கு அவர் கேட்டதை நாங்கள் காதில் வாங்கவில்லை.

கடைசிக் கல்லை இவர் வைத்துக்கொண்டு இருக்கும்போதே அது திரும்பி வந்துவிட்டது. பத்தடி தூரத்தில் நின்று முன்னங்கால் இரண்டாலும் நிலத்தில் தட்டியது. அது எச்சரிக்கை. ஸ்கங்க் சும்மா பீய்ச்சி அடிக்காது, முதலில் காலைத் தட்டும், வாலைத் தூக்கும், பின்னுக்கும் முன்னுக்கும் அரக்கும், போய்விடு என்று அதற்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொல்லும். அதற்குக் கண் பார்வை மட்டு. அந்த நேரத்தில் சத்தம் போடாமல் மெல்ல மெல்லப் பின்னால் போனால் அனேகமாக அது விட்டுவிடும். இவர் கையில் இருந்த டோர்ச்சை நேரே அதன் முகத்துக்கு அடித்துக்கொண்டு எழும்பினார். பத்தடிக்குள் அது குறி தவறாது.

மணத்தைப் போக்க என்ன செய்வது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தேவைப்படும் நேரத்தில் தேட நேரம் இருக்காது. தக்காளிச் சாறு வேலை செய்யாது. அதில் குளித்தால் மூக்கு களைத்துப்போய் மணம் குறைந்தது மாதிரித் தெரியும், அவ்வளவுதான். வேலை செய்வது போல் கிறேபோம் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1993இல் வெளியிட்ட கலவை. மூன்று வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீற்றர், அப்பச்சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒன்றிரண்டு தேக்கரண்டி. பெரொக்சைட் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஸ்கங்க் நாற்றத்துக்குக் காரணம் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள், இந்தக் கலவை அவற்றோடு ஒட்சிசனைச் சேர்த்து மணமில்லாத வேறொன்றாக மாற்றிவிடுகிறது. கலந்த உடனே பூச வேண்டும், ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும், கண்ணில் வாயில் படக்கூடாது, துணியின் நிறம் போகலாம். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி மூடி வைக்கவே வேண்டாம், வாயு வந்துகொண்டே இருக்கும், போத்தல் வெடிக்கும். நாய் வைத்திருப்பவர்கள் இந்த மூன்று சாமானையும் எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். இவரைக் கழுவி, உடுப்பை வெளியே கொடியில் போட்டு, படுக்கப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. விடிய நாலு மணி இருக்கும், அப்பா வந்து எழுப்பினார். "கீழ குட்டியள் கத்துது" என்றார். டெக்கில் காதை வைத்துக் கேட்டேன். குருவிக் குஞ்சு மாதிரி மெல்லிய கீச்சுச் சத்தம், ஒன்றல்ல, நிறைய. அந்தப் பக்கம் கல்லுக்கு அடியில் தாய் விறாண்டிக்கொண்டு இருந்தது. இரவு முழுக்க விறாண்டியிருக்கிறது. கல்லைச் சுற்றி மண் ஒரு கடகம் அளவுக்கு வெளியே வந்திருந்தது, ஆனால் அடியில் பழைய காங்கிரீட் ஒன்று கிடந்ததால் அதனால் போக முடியவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் மேலே அறையில் நித்திரை. எனக்கு அந்த நிமிடத்தில் வந்த வெட்கத்தையும் பயத்தையும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஸ்கங்க் ஒன்றை விரட்டுகிறோம் என்று நினைத்து, தாயை வெளியே விட்டுக் குட்டிகளை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறோம்.

ரொறன்ரோ வனவிலங்கு மையம் என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, 1993இல் இருந்து இயங்குகிறது. அவர்களுடைய பக்கத்தை விடியக்காலை போனில் வாசித்தேன். வாசித்ததில் முதலில் பிடிபட்டது, வசந்தத்திலும் கோடை தொடக்கத்திலும் வீட்டுக்குக் கீழே, கூரைக்குள்ளே புகுவது பெரும்பாலும் தாய் மிருகம், உள்ளே குட்டி இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. தாய் தூரத்தில் விலகும் வரை யன்னலுக்குள் காத்திருந்து, போய்க் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அது உள்ளே போய்விட்டது. கீச்சுச் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு அந்த ஜூனும் ஜூலையும் நாங்கள் டெக்கைப் பாவிக்கவில்லை. இருட்டுப் பட்ட பிறகு பின்வளவுக்குப் பிள்ளைகளை விடவில்லை, அவ்வளவுதான் நாங்கள் இழந்தது. ஜூலை நடுவில் ஒரு பின்னேரம் தாய் முன்னால் போக ஐந்து குட்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையாக வந்தன, வாலைத் தூக்கிக்கொண்டு. அப்பா கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தினமும் பார்த்தார். ஓகஸ்ட் பிறந்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஆகவே தோழிக்கு நான் சொன்ன முதல் விசயம் வலையோ சீமெந்தோ அல்ல, நாள்காட்டி. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்கங்க் குட்டி போடுவது மே, ஜூன் தொடக்கம். ரக்கூன் அதற்கு முன்னரே, பங்குனியில் இருந்து மே வரை. கிரவுண்ட்ஹாக் சித்திரை, மே. குட்டிகள் தாயின் பின்னால் நடக்கத் தொடங்க ஆறு எட்டுக் கிழமையாவது வேண்டும், ரக்கூனுக்கு இன்னும் கூட. குளிர்காலம் அடைப்பதற்கு இன்னொரு மோசமான நேரம். கிரவுண்ட்ஹாக் மாதக்கணக்காக நித்திரை. ஸ்கங்க் முழு நித்திரை இல்லை, ஆனால் கடுங்குளிரில் கிழமைக்கணக்காக வெளியே வராமல் சுருண்டு கிடக்கும், அதனால் ஓட்டையில் நடமாட்டமே இல்லாமல் இருப்பதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று நினைத்து உயிரோடு மூடிவிடுவோம். மிச்சம் இருப்பது ஓகஸ்ட் நடுவில் இருந்து ஒக்ரோபர் வரை. நிலம் உறையவில்லை, குட்டி வளர்ந்துவிட்டது, குளிர்காலத்துக்கு இடம் பிடிக்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை. அடைப்பதற்கு அதுதான் காலம்.

அடுத்தது உள்ளே யார் என்பது. ஓட்டையைப் பார்த்தாலே பாதி தெரியும். நாலு அங்குலம் அகலமாக, மண் அதிகம் வெளியே கிடக்காமல், அந்த மணம் லேசாக வந்தால் ஸ்கங்க். பத்துப் பன்னிரண்டு அங்குலம் அகலமாக, வாசலில் பெரிய மண் கும்பத்தோடு இருந்தால் கிரவுண்ட்ஹாக், அது பகலில் திரியும், உங்கள் கத்தரியையும் போஞ்சியையும் மொட்டையடித்திருக்கும். தட்டியே உடைந்து பிய்த்து எடுக்கப்பட்டிருந்தால் ரக்கூன், அதன் கைகளுக்கு அந்தப் பலம் உண்டு. ஒப்பொசம் தோண்டுவதில்லை, வேறொன்று தோண்டினதைப் பாவிக்கும், இரண்டு மூன்று நாளில் தானாகவே போய்விடும். பக்கத்து வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் பின்னேரம் ஓட்டை வாசலில் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவிவிட்டுக் காலையில் போய்ப் பாருங்கள். ரக்கூனின் அடி சின்னப் பிள்ளையின் கை மாதிரி இருக்கும். ஸ்கங்கின் அடியில் ஐந்து விரலும், முன்னங்காலில் நீள நகத்தின் அடையாளமும் விழும்.

ரக்கூன் என்றால் ஒரு எச்சரிக்கை. அது ஒரே இடத்தில் போய்க் கழிக்கும் பழக்கமுள்ளது, டெக்கின் மேலோ கொட்டில் பக்கத்திலோ ஒரு குவியலாக இருக்கும். அந்தக் கழிவில் மனிதருக்கு, அதுவும் மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, மிகவும் ஆபத்தான உருளைப்புழுவின் முட்டை இருக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், காய்ந்ததைக் கூட்டித் தூசி எழுப்பாதீர்கள். ஈரமாக்கி, கையுறையும் முகமூடியும் போட்டு, பையில் கட்டி எடுத்துவிட்டு, கொதிதண்ணி ஊற்றுங்கள். அந்த முட்டையைக் கொல்வது சூடுதான், பிளீச் அதைக் கொல்லாது. விசர்நோயும் இருக்கிறது. 2015 டிசம்பரில் ஹமில்ரனில் ரக்கூன் விசர்நோய் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மாகாண அரசு தடுப்பு மருந்து வைத்த இரைப் பொட்டலங்களைப் போட்டு வருகிறது. ரக்கூனோ ஸ்கங்கோ தள்ளாடினால், பயமே இல்லாமல் ஆட்களிடம் வந்தால், கிட்டப் போகாமல் நகரசபையின் 311 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள். பகலில் ஒன்றைக் கண்டதற்காக மட்டும் பதற வேண்டாம், குட்டி உள்ள தாய் பசியில் பகலிலும் வரும். கடித்தோ கீறியோ விட்டால் சோப்பும் தண்ணியும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

அந்த ஜூன் மாதம் நான் ஒரு நிறுவனத்தையும் கூப்பிட்டேன். வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, கூண்டு வைத்துப் பிடித்து நகரத்துக்கு வெளியே நல்ல காட்டில் கொண்டுபோய் விடுவோம், எண்ணூறு டொலர் என்றார். கேட்க நல்லாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்ராறியோ விதிப்படி பிடித்த மிருகத்தை 24 மணித்தியாலத்துக்குள், பிடித்த இடத்தில் இருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விட வேண்டும். அதற்குக் காரணமும் இருக்கிறது. தெரியாத காட்டில் கொண்டுபோய் விட்ட மிருகத்துக்கு எங்கே தண்ணி, எங்கே ஒதுங்கிடம் என்று தெரியாது, அனேகமாகப் பிழைக்காது, நோய் இருந்தால் அதையும் புது இடத்துக்குக் கொண்டுபோகும். தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் டெக்குக்குக் கீழே குட்டிகள் பட்டினியில் சாகும், அந்த மணத்தோடு நீங்கள் கோடை முழுக்க இருக்க வேண்டும். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு மிருகத்தை மட்டும் எடுத்தால் அடுத்த மாதம் வேறொன்று வரும். யாரையும் கூப்பிடுவதாக இருந்தால் முதலில் கேளுங்கள், எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று. பதில் தூரமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இருக்கும் மிருகத்தைத் தானாகப் போக வைக்க முடியும். அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும், இரண்டையும் எடுத்துவிட்டால் சரி. ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம், பகல் முழுக்கப் பேச்சு நிகழ்ச்சி ஓடும் ஒரு ரேடியோ, அப்பிள் சைடர் வினாகிரியில் நனைத்த பழந்துணி. இரண்டு மூன்று நாளில் தாய் குட்டிகளை வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகக்கூடும். பூச்சி உருண்டை போடச் சொல்லிச் சொந்தக்காரர் பலர் சொல்வார்கள், போடாதீர்கள். திறந்த இடத்தில் அதற்குப் பெரிய பலன் இல்லை, மண்ணுக்குள் நச்சு இறங்கும், சின்னப் பிள்ளை இனிப்பு என்று எடுத்து வாயில் வைக்கும். மிளகாய்த்தூளும் அப்படித்தான், ஒரு மழைக்குப் போய்விடும். நாங்கள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தோம், ஓரளவுக்கு அது நாங்கள் அந்தத் தாய்க்குப் பட்ட கடன்.

இனி வலை. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் செய்தவர்களில் பலர் அரைகுறையாகச் செய்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி செய்கிறார்கள்.

மண்வெட்டி எடுப்பதற்கு முதல் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவியுங்கள். காசு இல்லை, சட்டப்படி கட்டாயம், கையால் தோண்டினாலும்தான். காஸ் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி எங்கே போகிறது என்று ஆட்கள் வந்து புல்லில் நிறத்தால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் டெக்கின் இடது மூலையை ஒட்டிக் காஸ் குழாய் போனது. அலவாங்கோடு அப்பா தொடங்க நினைத்தது அந்த மூலையில்தான்.

வலை என்றால் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோண வலை அல்ல. அது மெல்லிசு, ரக்கூன் கையால் பிய்க்கும், மண்ணுக்குள் இரண்டு வருடத்தில் கறள் பிடித்துவிடும். கடையில் ஹார்ட்வேர் க்ளோத் என்று கேளுங்கள். அது துணி அல்ல, கல்வனைஸ் செய்த கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டின சதுரக் கண் வலை. கண் அரை அங்குலம் இருக்க வேண்டும், அப்போது பெரிய எலியும் போகாது. நாங்கள் வாங்கினது நாலடி அகலம், ஐம்பது அடிச் சுருள். டெக்கின் மூன்று பக்கத்துக்கும் முப்பத்தாறு அடி போனது, மிச்சத்தைத் தோட்டக் கொட்டிலுக்குப் பாவித்தோம்.

சூத்திரம் முழுவதும் மண்ணுக்குள் இருக்கிறது. டெக் விளிம்பை ஒட்டி ஒரு அடி ஆழமாக, வெளிப்பக்கமாக இருபது அங்குல அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். வலையின் மேல் விளிம்பை டெக்கின் சட்டத்தில் பூட்டி, பதினாறு அங்குலம் கீழே இறக்கி, மண்ணுக்குள் இன்னும் ஒரு அடி இறக்கி, மிச்சம் இருபது அங்குலத்தையும் வெளியே பார்க்க மடித்து வாய்க்காலின் அடியில் பாய் மாதிரி விரித்தோம். பிறகு மண்ணும் சரளையும் போட்டு மிதித்து மூடினோம். தோண்டும் மிருகம் எப்போதும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். தோண்டிக்கொண்டு போனால் கீழே விரித்த வலை தடுக்கும். இரண்டடி பின்னால் போய்த் தொடங்கினால் உள்ளே போகலாம் என்று அதற்குத் தோன்றாது, விட்டுவிட்டுப் போய்விடும். நேராக இறக்கின வலையோ சீமெந்தோ என்றால் அதற்கு அடியால் போய்விடும். சீமெந்து வேண்டாம் என்று தோழியிடம் சொன்னதற்கு இதுவும் காரணம். இன்னொன்று, டெக்குக்குக் கீழே காற்று ஓட வேண்டும், மூடிக் கட்டினால் ஈரம் நின்று மரம் உக்கும்.

மரத்தில் பூட்டும்போது ஸ்ரேபிள் அடித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அரை அடிக்கு ஒன்றாகத் திருகாணியும் அதன் கீழ் அகலமான வாசரும் வேண்டும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்று வர விட்டுக் கம்பியால் தைக்க வேண்டும். இதை அப்பா செய்ததைப் பார்க்க வேண்டும், எழுபத்தினாலு வயதில், ஊரில் மட்டை வேலிக்குக் கயிறு கட்டும் அதே முடிச்சால் கம்பியைக் கட்டிக்கொண்டு போனார். வெட்டின கம்பி முனைகள் கையைக் கிழிக்கும், தடித்த கையுறை போடுங்கள். மேப்பிள் வேர் குறுக்கே வந்ததால் எங்களுக்கு இரண்டு வார இறுதி பிடித்தது. சாமான் செலவு முன்னூறு டொலருக்குள் முடிந்தது.

பழைய ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் ஒரு அடி அகலத்துக்கு வலை பூட்டாமல் விட்டோம். அதில் பத்திரிகைத் தாளைக் கசக்கி மெதுவாகச் செருகினோம். உள்ளே ஒன்று இருந்தால் தாளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், வெளியே இருந்து வந்தால் இழுத்துப் போடும். மழையில்லாத மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தது. அது போதும் என்றார்கள் எல்லோரும், ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. இன்னும் ஒரு கிழமைக்கு அந்த வாசலில் ஒருவழிக் கதவு தொங்கவிட்டோம். வாசலைவிடப் பெரிய ஒரு வலைத் துண்டு, மேலே மட்டும் பூட்டினது. உள்ளே இருந்து தள்ளினால் திறக்கும், வெளியே இருந்து திறக்காது. குட்டி உள்ள காலத்தில் இந்தக் கதவைத் தொங்கவிடவே கூடாது, தாய் வெளியே மாட்டிக்கொள்ளும், நாங்கள் கல்லால் செய்த அதே வேலைதான். கிழமை முடிய டோர்ச் அடித்துக் கீழே முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசித் துண்டைப் பூட்டினோம்.

பிறகு எதற்காக அவை இந்த வளவுக்கு வந்தன என்று யோசித்தோம். புல்லில் இருந்த குழிகள் வண்டுப் புழுவைத் தேடித் தோண்டினவை, புழு போனால் அவையும் வராது. 2009இல் இருந்து ஒன்ராறியோவில் புல்லுத்தரைக்கு அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிக்கத் தடை. அதற்குப் பதிலாக நெமற்றோட் என்ற நுண்புழுவைத் தண்ணியில் கலந்து ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பரில் ஊற்றுகிறார்கள், ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் நிலம் நன்றாக நனைய வேண்டும். கிறீன் பின் என்ற சமையல் கழிவுத் தொட்டியின் பூட்டைத் திருப்பினோமா என்று ஒவ்வொரு இரவும் பார்த்தோம். 2016இல் நகரசபை ரக்கூனுக்காகவே பூட்டு வைத்துக் கொடுத்த தொட்டி அது, பூட்டாமல் விட்டால் பழைய தொட்டிதான். எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருந்தது. அப்பா சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைப்பார், டெக்கின் விளிம்பில், வாழையிலை கிடைக்காததால் ஒரு தட்டில். காகம் தின்ற மிச்சம் இரவு வரை கிடக்கும். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அம்மா போன பிறகு அவர் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை. அவர் தானாகவே ஒரு நாள் சொன்னார், "காகம் எடுத்த பிறகு தட்டை நான் உள்ளுக்குக் கொண்டாறன் பிள்ளை." இப்போது பொழுது படுவதற்கு முதல் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும்.

பேஸ்மன்ட், அதாவது நிலக்கீழ் அறை, யன்னலுக்கு வெளியே குழி உள்ளவர்கள் அதையும் பாருங்கள். ஸ்கங்க் நன்றாகத் தோண்டும், ஏறத் தெரியாது. குழிக்குள் விழுந்தால் வெளியே வர முடியாமல் கிடக்கும். சொரசொரப்பான ஒரு பலகையைச் சாய்வாக இறக்கிவிட்டு விலகினால் இரவில் ஏறிப் போய்விடும். பிறகு குழிக்கு மூடி போடுங்கள்.

எங்கள் வலை இந்த ஓகஸ்டோடு நாலாவது வருடம். பனி உருகி நிலம் இளகும் பங்குனி கடைசியில் ஒருமுறை சுற்றிப் பார்க்கிறோம், உறைபனி மண்ணைத் தூக்கினால் மூலைகளில் வலையும் சேர்ந்து தூக்கும், அங்கே மட்டும் சரளை போட்டு மிதிக்கிறோம். இரண்டு தடவை யாரோ தோண்டிப் பார்த்த அடையாளம் இருந்தது, ஒரு சாண் ஆழத்தோடு விட்டுவிட்டார்கள். பொழுதுபடும் நேரத்தில் இப்போதும் ஒரு ஸ்கங்க் வேலியோரமாக நடந்து போகிறது. அதே தாயோ, அதன் பிள்ளையோ. அப்பாவின் கதிரை யன்னலடியில்தான் இருக்கிறது.

தோழிக்குச் சொன்னது இதுதான்: சனிக்கிழமை சீமெந்து வேலையை நிறுத்து. நாளைக்குப் பின்னேரம் மாவைத் தூவு, அடுத்த நாள் காலையில் அடியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அனுப்பினாள். ஐந்து விரல், நீள நகம், பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னும் இரண்டு சோடி. இன்னும் மூன்று கிழமை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.